ஐந்தாம் நம்பர் மலையும் ஒரு நியூத்திரன் விண்மீனும்

எங்கள் பக்கத்தில் 'மலை' என்றால் வேலை. "அம்மா எங்க?" என்று கேட்டால் "மலைக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும். சாமி கும்பிட சிவனொளிபாத மலைக்கு இல்லை, கொழுந்து எடுக்க. திம்புள்ளயில் எங்களைச் சுற்றியிருக்கிற மலைகளுக்குப் பேர்கூடக் கிடையாது, நம்பர்தான். ஒண்ணாம் நம்பர் மலை, அஞ்சாம் நம்பர் மலை, பதினொண்ணாம் நம்பர் மலை. மலையகத்துக்கு வந்து 200 வருசம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அதில் எங்களில் இரண்டு பேர் கடைசி இரண்டு நாள் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். வழி முழுக்கப் பேச்சு ஒன்றுதான்: காணி. அதனாலோ என்னவோ, விஞ்ஞானம் படிக்க உட்கார்ந்தாலும் எங்கள் கண் முதலில் மலையில் போய்த்தான் நிற்கிறது.

நாங்கள் நாலு பேர். மாசத்துக்கு ஒரு விஷயத்தை எடுத்து வாசித்து, வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு, பிறகு எழுதுவோம். இந்த முறை கரும்பொருள். ஒரு மாசத்தில் முடிக்கலாம் என்று ஆரம்பித்தது மூன்று மாசம் இழுத்தது. எங்களில் ஒருத்திதான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள். மற்ற மூன்று பேர் படித்த பாடசாலைகளில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை, கலைப்பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், போனோம். படிக்க வைத்தவளும் அவள்தான், திட்டியவளும் அவள்தான்.

கரும்பொருள் என்றால் என்ன? மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறதை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கைப் பார்த்தால் 3 கிலோ கொழுந்து போலத் தெரிகிறது. தராசில் தொங்கவிட்டால் முள் 18இல் போய் நிற்கிறது. தராசு பிழை என்று சொல்லலாம். ஆனால் வேறு வேறு தராசுகளில் நிறுத்தும் அதே 18 வந்தால், சாக்குக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ 15 கிலோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி விண்மீன் மண்டலங்களின் கூட்டம் ஒன்றை இப்படி நிறுத்தார். 1970களில் வேரா ரூபின் தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை அளந்து அதே கணக்குக்கு வந்தார். இன்றைக்கு இருக்கிற கணக்குப்படி நாம் பார்க்கிற, தொடுகிற பொருளைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் கரும்பொருள் இருக்கிறது. (எங்கள் மடுவத்தில் பிரச்சினை தலைகீழ். தராசில் காட்டுகிற கிலோ துண்டில் வரும்போது குறைந்திருக்கும். அது வேறு கட்டுரை.)

அது எங்கேயோ தூரத்தில் இல்லை, இங்கேயும் இருக்கிறது. நம்ம சூரியன் இருக்கிற பகுதியில், ஒரு கோப்பைத் தேத்தண்ணி இருக்கும் இடத்தில், ஏறக்குறைய 60 புரோத்தன்களின் திணிவு அளவுக்குக் கரும்பொருள் இருக்க வேண்டும் என்கிறார்கள். செக்கனுக்கு இருநூறு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் கோப்பைக்குள் நுழைந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். ஒன்றிலும் முட்டாது. முட்டினாலும் மிக மிக அபூர்வமாக.

எங்களில் ஒருவன் உடனே கவிதை எழுதிவிட்டான், "நாங்கள்தான் இந்த நாட்டின் கரும்பொருள்" என்று. கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் தாங்குகிறோமாம். நாங்கள் அதைப் போடவில்லை. கரும்பொருள் ஒளியோடு பேசாத பொருள். எங்கள் ஆட்கள் அப்பா காலத்திலிருந்து, தாத்தா காலத்திலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அபூர்வமாக முட்டுகிற ஒன்றைப் பிடிக்க என்ன செய்வது? இதுவரைக்கும் உலகம் செய்தது, மலையைக் குடைந்தது. மேலேயிருந்து வரும் அண்டக்கதிர்களைப் பாறை தடுத்துவிடும், உள்ளே அமைதியான ஓர் அறையில் ஏதாவது முட்டுகிறதா என்று காத்திருக்கலாம். இன்றைக்கு இந்த வேலையில் முன்னணியில் இருக்கிற கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், 10 தொன் திரவ செனனோடு காத்துக்கொண்டிருக்கிறது. 2022இலும் 2024இலும் முடிவுகளை வெளியிட்டார்கள்: ஒன்றும் முட்டவில்லை. அந்த அறை இருப்பது ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில். சுரங்கம் இருப்பது கறுப்பு மலைகளில். அந்த மலைகள் லக்கோட்டா மக்களுடையவை என்று 1868இல் அமெரிக்க அரசே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. தங்கம் கிடைத்ததும் 1877இல் பறித்துக்கொண்டது. 1980இல் உயர் நீதிமன்றம் பறித்தது பிழை, நட்டஈடு கொடுங்கள் என்றது. அந்தக் காசை அந்த மக்கள் இன்றுவரை வாங்கவில்லை. மலையைத்தான் கேட்கிறார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு இரவு நாங்கள் கரும்பொருளை விட்டுவிட்டு சுரங்கங்களைத் தேட ஆரம்பித்தோம்.

கோலார் தங்கவயல் வந்தது. கர்நாடகத்தில் இருந்தாலும் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தலித் குடும்பங்கள். 1880இல் ஜோன் டெய்லர் கம்பனி அங்கே வேலையைத் தொடங்கிய அதே காலத்தில்தான் இங்கே கோப்பி செத்து, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயும் லயன், இங்கேயும் லயன். ஒரே பஞ்சத்தில் கிளம்பி ஒரு சனம் மலைக்கு மேலே ஏறியது, இன்னொரு சனம் பூமிக்குக் கீழே இறங்கியது என்று எங்களுக்குத் தோன்றியது. 1965இல் அந்தச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், மும்பை டாட்டா நிறுவனத்து ஆய்வாளர்கள் ஜப்பான், பிரித்தானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூத்திரினோவின் தடத்தை உலகத்திலேயே முதன்முதலாகப் பதிவு செய்த இரண்டு குழுக்களில் ஒன்றானார்கள். மற்றக் குழு தென்னாபிரிக்காவில், அதுவும் தங்கச் சுரங்கம்தான். 2001இல் கோலார் மூடப்பட்டது. அந்த ஊர்ச் சனம் இன்றைக்கும் விடிய முன்னே ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறது. நியூத்திரினோ பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015இல் இந்திய மத்திய அரசு அனுமதித்த நியூத்திரினோ ஆய்வகம், ஊர்ச்சனத்தின் எதிர்ப்பு, வழக்கு. அதில் கதிர்வீச்சு வரும் என்று பரப்பப்பட்ட பயங்களில் நிறைய விஞ்ஞானத்துக்குப் புறம்பானவை என்று எங்கள் பௌதிகவியல்காரி சொல்கிறாள். நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் "இது எங்க மலை, எங்களைக் கேட்டீங்களா?" என்ற கேள்வி விஞ்ஞானத்துக்குப் புறம்பானது இல்லை.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு அந்த நீளமான கட்டுரை கிடைத்தது. ஜோசப் பிரமாண்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நிர்மல் ராஜ் இருவரும் 2023இல் எழுதியது, செறிவான விண்மீன்களை வைத்துக் கரும்பொருளைத் தேடுவது பற்றி. ஆர்கைவ் தளத்தில் சும்மா கிடக்கிறது, டேட்டா இருந்தால் போதும். அதன் அடிப்படை யோசனை எங்களை உலுக்கிவிட்டது. மலையைக் குடைந்து 10 தொன் செனனை வைப்பானேன்? ஒரு சூரியனைவிட அதிகமான திணிவை ஓர் ஊர் அளவுக்கு அமுக்கி, கோடிக்கணக்கான வருசம் காத்திருக்க வைத்த கருவிகள் வானத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவே!

நியூத்திரன் விண்மீனைச் சொல்கிறோம். பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சாகும்போது மிஞ்சும் கரு. சூரியனைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு திணிவு, ஆனால் விட்டம் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஹட்டனில் பஸ் ஏறி தலவாக்கலையில் இறங்குகிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். அதற்குள் ஒரு சூரியனும் கொஞ்சமும். ஒரு சீனிக்கட்டி அளவு எடுத்தால் பல கோடி தொன் நிறுக்கும். பூமியை அலட்சியமாகக் கடந்துபோகிற கரும்பொருள் துகள்கூட இவ்வளவு நெருக்கத்துக்குள் எதிலாவது முட்டாமல் தப்புவது கஷ்டம்.

முட்டுவதற்கு முன்னால் இன்னொன்று நடக்கும். விண்மீனின் ஈர்ப்பு அந்தத் துகளை இழுத்து இழுத்து, உள்ளே விழும்போது ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலே கொண்டுவந்துவிடும். செக்கனுக்கு முந்நூறு கிலோமீற்றரில் வந்தது ஒரு இலட்சத்தித் தொண்ணூறாயிரம் கிலோமீற்றரில் போய் மோதும். மோதினால் சூடு. 2017இல் மாஷா பார்யக்தார், பிரமாண்டே, ஷெர்லி லீ, டிம் லின்டன், நிர்மல் ராஜ் ஆகிய ஐந்து பேர் எழுதிய கட்டுரை இந்தச் சூட்டைக் கணக்குப் போட்டது. நாங்களும் ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்தோம். நம்ம பக்கத்து விண்வெளியில் இருக்கிற ஒரு நியூத்திரன் விண்மீனில் செக்கனுக்குச் சில பத்து கிராம் கரும்பொருள் விழும். ஒரு கைப்பிடித் தேயிலைத் தூள். அந்தக் கைப்பிடி கொடுக்கிற வெப்பம் எவ்வளவு என்று பார்த்தால், 150 மெகாவாற் மேல் கொத்மலை மின்நிலையம் மாதிரி ஏறக்குறைய ஒரு கோடி நிலையங்கள்! ஆனாலும் அது முழு விண்மீனின் மேற்பரப்பிலும் பரவுவதால் வெப்பநிலை 1,750 கெல்வின் பக்கத்தில்தான் நிற்கும். பழைய குண்டு பல்பின் இழையைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, செங்கீழ் கதிர்களில் மங்கலாகத் தெரியும்.

இதில் அழகு எங்கே இருக்கிறதென்றால், சும்மா விட்ட நியூத்திரன் விண்மீன் ஆறிப்போக வேண்டும். சில கோடி வருசத்தில் 1,000 கெல்வினுக்கும் கீழே போயிருக்க வேண்டும். கிழடாகியும் ஆறாமல் 1,750இல் இருக்கிற ஒன்றைக் கண்டால், யாரோ விறகு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அது கரும்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சுழற்சி குறையும்போது உள்ளேயே சூடு உண்டாகும் வழிகளும் உண்டு. மாறாக, ஆறிப்போன ஒன்றைக் கண்டால் அதுவும் பதில்தான்: இத்தனை தூரம் முட்டுகிற வகைக் கரும்பொருள் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

இன்னொரு வழி, விண்மீன் உயிரோடு இருப்பதையே சாட்சியாக எடுப்பது. 1989இல் கோல்ட்மன், நுசினோவ் என்ற இருவர் கேட்டார்கள்: உள்ளே விழுந்த கரும்பொருள் ஒன்றையொன்று அழிக்காமல் நடுவிலே சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் தன் பாரம் தாங்காமல் சிறு கருந்துளையாகி, உள்ளேயிருந்து முழு விண்மீனையும் தின்றுவிடும். பிஎஸ்ஆர் ஜே0437-4715 என்று ஒரு விண்மீன், ஐந்நூறு ஒளியாண்டு தூரத்தில், செக்கனுக்கு 173 தடவை சுற்றிக்கொண்டு பல நூறு கோடி வருசமாக இருக்கிறது. அது இன்னும் தின்னப்படவில்லை. அப்படியானால் இன்ன திணிவுள்ள, இன்ன மாதிரி முட்டுகிற கரும்பொருள் இருக்க முடியாது என்று ஒரு பட்டியலில் கோடு போட்டு வெட்டலாம். தின்னப்பட்டவை வேறெங்காவது இருந்தால், சூரியன் அளவே திணிவுள்ள விசித்திரமான கருந்துளைகளாக இருக்கும். ஈர்ப்பலைக் கருவிகள் அவற்றைக் காணுமா என்று சுலக்னா பட்டாச்சார்யா, பசுதேவ் தாஸ்குப்தா, ரஞ்சன் லாஹா, அனுபம் ரே நாலு பேரும் 2023இல் கணக்குப் போட்டார்கள்.

இதைப் பற்றி வீட்டில் பேசினால் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "முதல்ல லயன் கூரை ஒழுகறதைப் பாருங்க." சரிதான். ஆனால் கொழும்பில் இருக்கிற ஒரு பிள்ளை கருந்துளை பற்றிப் படித்தால் யாரும் கூரையைப் பற்றிக் கேட்பதில்லை. கூரை ஒழுகுகிறவர்கள் கூரையை மட்டும்தான் யோசிக்க வேண்டும் என்பது எங்களுக்கு ஒத்துவராது.

எங்களை உண்மையில் மயக்கியது வேறு. கறுப்பு மலை, கோலார், பொட்டிப்புரம் என்று பார்த்து அலுத்துப்போய் இருந்த நேரத்தில், யாருடைய மலையையும் குடையாத ஒரு கருவி கிடைத்த மாதிரி இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. குத்தகைக்குக் கொடுக்கவும் முடியாது. இரண்டு நாள் சந்தோசமாக இருந்தோம். மூன்றாம் நாள் 2017 கட்டுரையின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம்: இவ்வளவு மங்கலான வெளிச்சத்தைப் பார்க்க எது வேண்டும்? ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி. அல்லது 30 மீற்றர் தொலைகாட்டி. 30 மீற்றர் தொலைகாட்டியை எங்கே கட்டப் போகிறார்கள்? ஹவாயில், மௌனா கியா மலையில்.

மௌனா கியா ஹவாய் மக்களுக்குப் புனித மலை. 2019 ஜூலையில் மலைக்குப் போகும் பாதையை மறித்து உட்கார்ந்த முதியவர்களைப் பொலிஸ் தூக்கிக்கொண்டு போனது. அந்தப் படங்களில் இருந்த பாட்டிமார் எங்கள் பாட்டிமார் மாதிரியே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொலைகாட்டியில் இந்தியாவும் பங்காளி. இன்னும் கட்டவில்லை. ஆக, விண்மீனுக்கு மலை வேண்டாம். பார்க்கிற ஆடிக்கு வேண்டும்.

வெப் தொலைகாட்டிக்கு மலை தேவையில்லைதான், அது விண்வெளியில் இருக்கிறது. அதற்கு வேண்டியது, சில பத்து ஒளியாண்டுக்குள் ஒரு கிழட்டு நியூத்திரன் விண்மீன். இதுவரைக்கும் தேடியதில் மிகவும் குளிர்ந்தது என்று 2019இல் ஹபிள் கொண்டு சொன்ன பிஎஸ்ஆர் ஜே2144-3933 என்பதற்கே, 42,000 கெல்வினுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. 42,000 எங்கே, 1,750 எங்கே.

கடைசியாக ஊட்டி. இது எங்கள் வீட்டுக் கதையும்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு ஒரு தங்கச்சி. அக்கா இங்கே, தங்கச்சி தலைமன்னார் வழியாக அங்கே. தாயகம் திரும்பியவர்கள் என்று பேர் வைத்து, அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை போட்டது. திரும்பவும் மலை, திரும்பவும் லயன். அதே நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், 1970இல் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு ஒரு வானொலித் தொலைகாட்டியைக் கட்டி முடித்தது. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். அதை ஒரு மலைச்சரிவிலேயே வடக்குத் தெற்காகப் படுக்க வைத்தார்கள். ஊட்டியின் அகலக்கோடு 11 பாகை, சரிவும் 11 பாகை. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், விண்மீனோடு மணிக்கணக்காகக் கூடவே போகும். மலையை வெட்டவுமில்லை குடையவுமில்லை, சரிவு சரியாக இருக்கிற மலையைத் தேடிப் பிடித்தார்கள்.

நியூத்திரன் விண்மீன்களில் ஒரு வகை துடிவிண்மீன்கள். கலங்கரை விளக்கம் மாதிரி சுற்றுவதால் ரேடியோத் துடிப்பு மணிக்கூடு போலத் தவறாமல் வரும். இந்தியத் துடிவிண்மீன் குழு, ஆரம்ப வருசங்களில் ஊட்டித் தொலைகாட்டியையும் புனேக்குப் பக்கத்திலிருக்கிற ஜி.எம்.ஆர்.டி.யையும் வைத்து இந்த மணிக்கூடுகளைக் கவனித்தது. கரும்பொருள் மிக மிக இலேசான துகளாக இருந்தால் அது அலைபோல நடந்துகொள்ளும், ஈர்ப்பையே மாதக்கணக்கில், வருசக்கணக்கில் மெதுவாக ஏற்றி இறக்கும். அப்போது துடிப்புகள் ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு அளவில் முந்தியும் பிந்தியும் வரும். 2023இல் ஐரோப்பியத் துடிவிண்மீன் குழு தன் தரவுகளை வைத்து, அந்த இலேசான வகைகளில் ஒரு பகுதி நம் பக்கத்துக் கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது என்று வெட்டியது. ஐரோப்பியரும் இந்தியரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை வரிசையிலும் கரும்பொருளுக்கு ஒரு பகுதி உண்டு. ஒரு சூட்டுக்காகவும் காத்திருக்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தார்கள். எங்களுக்கு இது 1,750 கெல்வினைவிடப் பிடித்திருக்கிறது.

கோத்தகிரியில் இருக்கிற சின்னப்பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டோம், பார்த்திருக்கீங்களா என்று.

"முத்தோரையில கம்பி கம்பியா கட்டி வச்சிருக்காங்களே, அதுவா தங்கம்? கேரட்டு லாரியில போறப்ப பார்த்திருக்கேன். அதுல மழை வருமான்னு சொல்லுவாங்களா?"

"மழை இல்ல பாட்டி. சூரியன்லேருந்து வர்ற காத்தைப் பத்தி சொல்லுவாங்க. அப்புறம் நட்சத்திரம்."

"சரி சரி. அங்க மழையா?"

இங்கே மழைதான். ஜூலை மாசம் திம்புள்ளயில் வேறு என்ன இருக்கும். ஆனால் ரேடியோ அலைக்கு மழைமேகம் பெரிய தடை இல்லை, அது எங்களுக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. இங்கே அகலக்கோடு 7 பாகை. அப்படியென்றால் வடக்கு உயர்ந்து தெற்கு தாழ்ந்த, 7 பாகைச் சரிவுள்ள ஒரு மலை போதும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சாம் நம்பர் மலைக்குப் போனோம். போனில் மட்டம் பார்க்கிற ஆப் இருக்கிறதுதானே, அதைத் தேயிலை வரிசைக்கு நடுவில் பாதையில் வைத்து வைத்து அளந்துகொண்டே மேலே ஏறினோம். பாதி ஏறும்போது கீழேயிருந்து கணக்கப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "யாரு அனுப்பினது? காணி அளக்கறீங்களா?"

இல்லை ஐயா, நட்சத்திரத்துக்கு என்றோம். நம்பவில்லை. போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். 19 பாகை என்று காட்டியது.